விதி மாறின் போர் மாறும்

சதுரங்கம் கட்டங்களுக்குள் அடங்கிய போர். எக்காய் எவ்வாறு நகரலாம் என்னும் விதியே அப்போரின் படைக்கலம் எனலாம். விதி திருத்தப்பெறுந்தோறும் பழமை கெட்டது என்று வருந்துவாரும், புதுமை வென்றது என்று மகிழ்வாரும் உளர். இரு சாராரும் காணத் தவறுவது ஒன்றுண்டு. விதி மாறும்போது, ஆடுவோரிடம் வேண்டப்படும் திறனும் மாறிவிடுகிறது.

பழைய ஆட்டத்தில் அரசனை அடுத்து நின்ற காய் அமைச்சன். குறுக்காக ஒரு கட்டம் செல்வதே அவனுக்கு உரிய ஆற்றல். ஐரோப்பாவில் அவ்விடம் ராணிக்கு உரியதாயிற்று. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், எத்திசையிலும் தடையுள்ள வரை செல்லும் உரிமை அவளுக்கு வழங்கப்பெற்றது. மெல்லத் திரண்டு மோதிய படைகள் அதன்பின் தொடக்கத்திலேயே கைகலந்தன; ஒரு கணம் அயர்ந்தால் அரசன் வீழ்வான் என்ற நிலை வந்தது. பொறுமையோடு முன்னறிவும் வேண்டுவதாயிற்று. இன்று சென்னையிலும் சிங்கப்பூர்த் தேக்காவிலும் பயிலும் பிள்ளைகள் இம்மாறிய ஆட்டத்தையே சதுரங்கம் என அறிவர். நாம் பழமை எனப் போற்றுவதும் ஒரு காலத்துத் திருத்தமே அன்றோ?

நம் காலத்துத் திருத்தங்கள் பெரும்பாலும் கடிகாரத்தைப் பற்றியவை. 2024இல் சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் சீனத்து டிங் லிரனும் சென்னைக் குகேஷும் உலகப் பட்டத்திற்குப் பொருதனர். முதல் 40 நகர்வுகளுக்கு ஒவ்வொருவருக்கும் 2 மணி நேரம். நகர்வுதோறும் 30 நொடி கூட்டித் தரும் சலுகை 41ஆம் நகர்விலிருந்தே தொடங்கும். மூன்றாம் ஆட்டத்தில் 40ஆம் நகர்வை எட்டுமுன்னரே டிங்கின் நேரம் தீர்ந்தது. அரசன் அகப்படாமலே ஆட்டம் முடிந்தது. இதனைக் கடிகாரத்தின் வெற்றி என இகழ்தல் பொருந்தாது. காய்நிலையும் குகேஷுக்கே சாதகமாயிருந்தது. அன்றியும், நேரத்தைக் காத்தல் இன்று போர்த்தொழிலின் ஒரு கூறு.

ஆயின், விரைவை விரும்பி நேரத்தை மேன்மேலும் குறுக்க விழைவோர் டிசம்பர் 12இல் நடந்த 14ஆம் ஆட்டத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சமனாகும் எனப் பலரும் கருதிய நிலையில் குகேஷ் விடாது அழுத்தினார். 55ஆம் நகர்வில் டிங் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். 7.5–6.5 என வென்ற குகேஷுக்கு அப்போது வயது 18. அவ்வெற்றி விடாமுயற்சிக்கு இடம் தந்த நெடிய ஆட்டத்தின் விளைவு.

ஆகவே, ஒரு திருத்தம் பழமையைக் காத்ததா என்று கேட்பதினும், சிந்தனைக்கு இடம் தந்ததா என்று கேட்பதே தக்கது. ராணிக்கு வலிமை தந்த திருத்தம் அத்தேர்வில் வென்றது. கடிகாரத்தைச் சுருக்கும் திருத்தங்களும் அத்தேர்வை எழுதியே ஆகவேண்டும்.