சீசரின் நகரில் நான் கட்டிய சேரி

கணினி விளையாட்டுக்கெல்லாம் விமர்சனமா என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நாவலையும் சினிமாவையும் பிரதியாக வைத்து வாசிக்கிற நாம், லட்சக்கணக்கான இளைஞர்கள் ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் கிடக்கிற ஒன்றை வாசிக்காமல் விடுவது எந்த வகையில் நியாயம்? தவிரவும் நாவலில் பாத்திரம் செய்யும் அநியாயத்தை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இங்கே அதைச் செய்கிற கை நம்முடையது. என் கையும் செய்தது. அதனாலேயே எழுதுகிறேன்.

எம்.ஏ. படித்த காலத்தில் விடுதியில் அறைத்தோழன் ஒருவனிடம் பழைய கணினி ஒன்று இருந்தது. அதில் ஓடிய ஒரே ஆட்டம் 'சீசர் III'. இம்ப்ரெஷன்ஸ் கேம்ஸ் உருவாக்கி, சியெரா நிறுவனம் 1998இல் வெளியிட்டது. நீங்கள் ரோமப் பேரரசின் ஒரு மாகாணத்துக்கு ஆளுநர். வெறும் நிலம் இருக்கும். சாலை போட்டு, கிணறு வெட்டி, வயல் வைத்து, சந்தை திறந்து அதை நகரமாக்க வேண்டும். சனங்கள் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்து சேருவார்கள். முதலில் கூடாரம். தண்ணியும் சோறும் வந்தால் அது குடிசையாகும். கோயில், குளியலறை, மண்பாண்டம், மேசை நாற்காலி, எண்ணெய் என்று ஒவ்வொன்றாகக் கிடைக்கக் கிடைக்க வீடு தானாக வளர்ந்து, 'இன்சுலா' என்கிற அடுக்குமாடியாகி, பிறகு வில்லாவாகி, கடைசியில் அரண்மனையாகிறது. மொத்தம் இருபது படி. ஒரு குடிசை ஓட்டுவீடாக மாறுவதைப் பார்க்கையில் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதைப் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஓலைக்கூரை மாற்ற ஒவ்வொரு வருஷமும் கடன் வாங்கின வீட்டிலிருந்து வந்தவன் நான்.

இந்த வளர்ச்சியின் சூட்சுமம், ஒவ்வொரு இடத்துக்கும் ஆட்டம் ரகசியமாகப் போட்டு வைத்திருக்கிற மதிப்பெண்ணில் இருக்கிறது. குடியிருக்கத் தகுந்த இடமா, இல்லையா என்பதன் கணக்கு அது. தோட்டமும் சிலையும் பக்கத்தில் இருந்தால் மதிப்பு ஏறும். பட்டறையும் கிட்டங்கியும் இருந்தால் இறங்கும். இதுவரைக்கும் சரி, சத்தமும் புகையும் யாருக்குப் பிடிக்கும்? ஆனால் இன்னொன்று இருக்கிறது. கூடாரமும் தன்னைச் சுற்றியுள்ள கட்டங்களின் மதிப்பை இறக்குகிறது. அதில் இருக்கிறவன் ஒன்றும் செய்ய வேண்டாம். அங்கே அவன் இருப்பதே போதும். கிட்டக்க இருக்கிற வீட்டுக்கு அதிகம், தள்ளியிருக்கிற வீட்டுக்குக் குறைவு என்று தூரத்துக்குத் தக்கபடி அந்தச் சேதாரம் கணக்கிடப்படுகிறது. இத்தனை அடி தள்ளி நில் என்று நம் பாட்டனுக்குச் சொல்லப்பட்ட வாய்ப்பாட்டை, சாதி என்கிற சொல்லையே கேள்விப்பட்டிராத ஒரு நிரல் தானாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

அப்படியானால் கூடாரத்தை ஒழித்துவிட்டு எல்லாருக்கும் வில்லா கொடுத்தால் என்ன? அங்கேதான் ஆட்டம் ஒரு உண்மையைப் போட்டு உடைக்கிறது. வீடு வில்லாவாகிற கணத்தில் அதிலுள்ளவர்கள் 'பட்ரீஷியன்' ஆகிவிடுகிறார்கள். பட்ரீஷியன் வேலை செய்யமாட்டான். வரி நிறையக் கட்டுவான். ஆனால் ஒரு வேலைக்கும் வரமாட்டான். புதிதாக ஆடுகிறவர்கள் எல்லாருமே இதில் ஒருமுறை மாட்டுவார்கள். நகரம் செழிக்கிறது, வில்லாக்கள் பெருகுகின்றன என்று பூரித்திருக்கும்போதே வயலில் ஆளிருக்காது, தீயணைக்க ஆளிருக்காது. அனுபவப்பட்ட ஆட்டக்காரன் என்ன செய்கிறான் தெரியுமா? ஒரு பகுதி மக்களுக்கு ஒயின் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்கிறான். ஒயின் இல்லாமல் வில்லா ஆக முடியாது. அவர்கள் அடுக்குமாடியோடு நின்றுவிடுவார்கள், உழைத்துக்கொண்டிருப்பார்கள். கிட்டங்கி நிறைய ஒயின் இருக்கும், ஆனாலும் கொடுக்கக்கூடாது. இதற்கு 'நல்ல திட்டமிடல்' என்று பெயர்.

இதைவிட மோசமானது பட்டறைத் தந்திரம். ஒவ்வொரு பட்டறையிலிருந்தும் ஆள் தேடி ஒருவர் தெருவில் இறங்குவார். அவர் போகிற வழியில் வேலைக்காரர் வீடு ஏதாவது தென்பட்டால் போதும், நகரம் முழுவதுக்குமான பொதுக் கணக்கிலிருந்து பட்டறைக்கு ஆள் கிடைத்துவிடும். ஆகவே ஊரின் கோடியில், களிமண் குழியும் பட்டறையும் இருக்கிற பக்கமாக நாலு கூடாரம் போட்டு வைத்தால் காரியம் முடிந்தது. அந்த நாலும் வளரவே வேண்டாம். வில்லாத் தெரு பக்கம் அவர்கள் நிழல் விழாதபடி வைத்துக்கொள்ளலாம். சுவர் வாசலைத் தெருவின் குறுக்கே வைத்தால் தெருவில் சுற்றித் திரிகிறவர்கள் அதைத் தாண்டமாட்டார்கள் என்பதையும் ஆடுகிறவர்கள் கண்டுகொண்டார்கள். அடுத்த வருஷம், 1999இல், அதே நிறுவனம் எகிப்தை வைத்து வெளியிட்ட 'ஃபாரோ'வில் இதற்கென்றே சாலைத் தடுப்பு ஒன்றைச் செய்து கொடுத்துவிட்டார்கள்.

நான் இதையெல்லாம் செய்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் ராத்திரியிலேயே என் நகரத்தில் கிழக்கு மூலையில், பள்ளத்தில், நாலு கூடாரம் இருந்தது. வடக்கே மேட்டில் வில்லாக்கள். எங்க ஊரின் வரைபடத்தை அப்படியே போட்டு வைத்திருந்தேன். எங்க தெருவும் கிழக்கில் பள்ளத்தில்தான் இருக்கிறது, ஏரி நிரம்பினால் முதலில் எங்கள் அடுப்பில்தான் தண்ணி ஏறும். அறைத்தோழன் எட்டிப் பார்த்து, "அட, நல்லா பிரிச்சு வச்சிருக்கியே" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இன்றைக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

இது விளையாட்டோடு நிற்கிற சங்கதி அல்ல. இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது 1989இல் வில் ரைட் செய்த 'சிம்சிட்டி'. அவர் அதற்காகப் படித்த நூல்களில் ஒன்று, ஜே ஃபாரஸ்டர் என்கிற எம்.ஐ.டி. பேராசிரியர் 1969இல் எழுதிய 'அர்பன் டைனமிக்ஸ்'. பாஸ்டன் நகரத்தின் முன்னாள் மேயர் ஜான் காலின்ஸோடு பேசிப் பழகியதில் பிறந்த நூல் அது. நகரத்தைச் சமன்பாடுகளாக மாற்றிக் கணினியில் ஓட்டிப் பார்த்த ஃபாரஸ்டர் கண்டடைந்த முடிவு, ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது நகரத்தைக் கெடுக்கும், குடிசைகளை இடித்துத் தொழிலுக்கு இடம் விட வேண்டும் என்பது. அந்தச் சமன்பாடுகளில் கறுப்பர்கள் என்று ஒரு இனம் கிடையாது. யார் மேலும் யாருக்கும் வெறுப்பு கிடையாது. எண்கள் இருந்தன. வெறுப்பே இல்லாமல் ஒரு சனத்தை அப்புறப்படுத்த முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னை ஆற்றங்கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பப்பட்டவர்களிடமும் யாரும் வெறுப்பாகப் பேசவில்லை. திட்டம் என்றார்கள்.

சீசர் III இன்னொரு காரியமும் செய்திருக்கிறது. அதன் ரோமில் அடிமைகள் கிடையாது. எல்லாரும் கூலிக்காரர்கள், கூலியை நீங்களே கூட்டலாம் குறைக்கலாம். ஸ்பார்ட்டகஸின் எழுச்சி நசுக்கப்பட்ட பிறகு, கி.மு. 71இல், ஆறாயிரம் பேரைச் சாலையோரமாகச் சிலுவையில் அறைந்த ரோமில் அடிமையே கிடையாதாம். சாக்கடை கழுவுகிறவனும் கிடையாது. கழிவு என்கிற ஒன்றே அந்த நகரத்தில் உற்பத்தியாவதில்லை. மலம் இல்லாத நகரத்தை யார் வேண்டுமானாலும் அழகாகக் கட்டலாம்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஆட்டத்தில் கூடாரத்துக்குத் தண்ணியும் சோறும் கோயிலும் போனால் அது கூடாரமாக இருப்பதை விட்டுவிடுகிறது. வீடு மாறினதும் பக்கத்து வீட்டின் மதிப்பை இறக்குவதும் மெல்ல மெல்ல நின்றுபோகிறது. தீட்டு கூரையோடு போய்விடுகிறது. எங்க தெருவில் இப்போது பாதி வீடு காங்கிரீட். தீட்டு எங்கே போயிற்று? அந்த வகையில் சீசரின் கணிதம் மனுவின் கணிதத்தைவிடக் கருணை உள்ளதுதான்.

ஆட்டத்தை நிறுத்துவதற்கு முந்தின ராத்திரி அந்த நாலு கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிணறு வெட்டினேன். சந்தையையும் திறந்தேன். இரண்டொரு மாதத்தில் (ஆட்டத்தின் மாதம் சீக்கிரம் ஓடும்) நாலும் குடிசையாயின. அப்புறம் நின்றுவிட்டன. ஏன் வளரவில்லை என்று தெரிந்துகொள்ள வீட்டின் மேல் மௌஸின் வலப்பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினேன். சுற்றுப்புறம் சரியில்லை, ஆகவே இந்த வீடு மேலே வளராது என்று வந்தது. எந்தக் கட்டடத்தால் கெடுகிறது என்பதையும் பேர் சொல்லிக் காட்டியது. அவர்களைக் காட்டி நான் ஆள் பிடித்த பட்டறை அது.