கிப்ளிங்கின் ‘இஃப்’ கவிதையில் சார்பிணைப்புச் சொல்லின் ஆட்சி

ஆங்கில இலக்கண நூல்கள் பலவும் சார்பிணைப்புச் சொற்களைப் பட்டியலிட்டு, அவை துணைத்தொடரை முதன்மைத்தொடரோடு இணைக்கும் என்று கூறும் அளவில் அமைந்துவிடுகின்றன. அத்தகைய சொல் ஒன்று ஒரு கவிதை முழுவதையும் தாங்கி நிற்பதை ரட்யார்ட் கிப்ளிங்கின் ‘இஃப்’ காட்டுகிறது. 1910இல் ‘ரிவார்ட்ஸ் அண்ட் ஃபேரீஸ்’ என்னும் நூலில் இடம்பெற்ற இக்கவிதை 32 அடிகளால் ஆனது. அவற்றுள் 13 அடிகள் ‘இஃப்’ என்றே தொடங்குகின்றன. முதன்மைத்தொடரோ இறுதி ஈரடிகளில்தான் வருகிறது. முப்பது அடிகள்வரை வாசகன் முடிபு காணாத நிபந்தனைகளிலேயே நிறுத்தப்படுகிறான்.

இதனை நீதிநூலாகப் படிப்பது பெருவழக்கு. கவிதையின் தொடரமைப்பு அதற்கு இடந்தரவில்லை. முதற்பத்தியில் ‘டோன்ட்’ என வரும் எதிர்மறை வினைகள் ஏவல்போலத் தோன்றினும், அவையும் ‘இஃப்’ என்பதன் ஆட்சிக்கு உட்பட்டனவே. தந்தை மகனுக்கு எதையும் கட்டளையிடவில்லை. வாக்குறுதி ஒன்று தருகிறார். அதுவும் எல்லா நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேறினால் மட்டுமே. விம்பிள்டன் டென்னிஸ் அரங்கில் ஆட்டக்காரர் நுழையும் வாயிலின்மேல் இக்கவிதையின் ஈரடிகள் பொறிக்கப்பட்டுள்ளன. வெற்றியையும் பேரிடரையும் ஒன்றெனக் கருதுதல் பற்றிய அவ்வடிகள் வெறும் துணைத்தொடர். முடிக்கும் தொடர் அங்கில்லை. ஆகவே நிபந்தனை அறிவுரையாகிவிடுகிறது. எஞ்சிய பன்னிரண்டும் ஆடுவோர்க்கு வேண்டா போலும்!

நிபந்தனை முன்னும் முடிபு பின்னும் வருதல் தமிழுக்கு இயல்பாதலின் மொழிபெயர்ப்பு எளிதெனத் தோன்றும். ஆயின் ‘இஃப்’ தொடரின் தலையில் நின்று, வருவது நிபந்தனை என முன்னறிவிக்கிறது. தொல்காப்பியர் ‘செயின்’ என்னும் வாய்பாட்டால் சுட்டும் இப்பொருள் தமிழில் வினையின் ஈற்றில்தான் வெளிப்படும்.

இதன் விளைவை மூன்றாம் பத்தியில் தெளிவாகக் காணலாம். அங்கு இரண்டே ‘இஃப்’. ஒவ்வொன்றும் நான்கடிகளை ஆள்கிறது. முதலாவதில், வென்ற பொருளைக் குவித்தல், ஒரே ஆட்டத்தில் பணயம் வைத்தல், இழத்தல், மீண்டும் தொடங்குதல், இழப்பைப் பற்றி வாய்திறவாதிருத்தல் ஆகிய ஐந்தும் ‘அண்ட்’ என்பதால் சமநிலையில் நிற்கின்றன. ‘குவித்து, பணயம் வைத்து, இழந்து, மீண்டும் தொடங்கி, வாய்திறவாதிருக்க இயலுமாயின்’ எனப் பெயர்த்தால் ஓட்டம் இனிதே அமையும். ஆனால் முதல் நான்கும் எச்சங்களாகி இறுதி வினைக்குள் அடங்கிவிடும்; மௌனம் ஒன்றே நிபந்தனை, ஏனையவை அதன் முன்னிகழ்வுகள் என்றாகும். ‘குவிக்கவும், பணயம் வைக்கவும், இழக்கவும்’ என எண்ணும்மை கொடுத்தால் சமநிலை மீளும், ஓட்டம் தடைப்படும். தடைப்படினும் எண்ணும்மையே ஏற்புடைத்து என்பது என் கருத்து. இழத்தலையும் இயலும் செயல்களுள் ஒன்றாக எண்ணுவதே அப்பத்தியின் வன்மை; ‘இழந்து’ என்னும் எச்சம் அதனை மறைத்துவிடுகிறது.