அழைப்பும் நிபந்தனையும்

1992இல் வந்த 'ரோஜா' படத்தின் 'தமிழா தமிழா' பாடலை, அப்போது பிறந்தேயிராத பிள்ளைகள் இன்று இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் பயன்படுத்துகிறார்கள். பெரும்பாலும் பல்லவியின் சில நொடிகள் மட்டும். பாடலைத் துண்டு போடுகிறார்கள் என்று என் தலைமுறையினர் குறைப்படுகிறார்கள். அந்தக் குறை பாதிதான் சரி.

பாடலில் முதலில் கைவைத்தவர்கள் இந்தப் பிள்ளைகள் அல்லர். படம் இந்திக்குப் போனபோது ஏ. ஆர். ரஹ்மானின் மெட்டும் ஹரிஹரனின் குரலும் அப்படியே இருந்தன. வைரமுத்து பெயர் சொல்லி அழைத்த தமிழன் மட்டும் காணாமல் போனான். அவன் இடத்தில் பாரதம் வந்து அமர்ந்தது. ஒரே மெட்டுக்குள் இரண்டு நாட்டுப்பற்று.

தமிழ் வடிவத்தை முழுதாகக் கேட்டால் அது ஓர் ஒப்பந்தம் என்று தெரியும். தமிழனைத் தட்டி எழுப்புகிறது. பிறகு தமிழ்நாட்டைத் தன் வீடாகவும், இந்தியன் என்பதைத் தன் பெயராகவும் சொல்லச் சொல்கிறது. முதலில் அழைப்பு, அப்புறம் நிபந்தனை.

ரீல்ஸில் அழைப்பு மட்டுமே மிஞ்சுகிறது. மென்பொருள் துறையில் இருப்பவன் என்பதால் இதைக் கவனிக்கிறேன்: செயலி காணொளிகளை ஒலித்துணுக்கை வைத்து ஒன்றுசேர்க்கிறது, பொருளை வைத்து அல்ல. அந்த ஒலியைத் தொட்டுப் பார்த்தால் மூவர்ணக் கொடிக்குப் பக்கத்திலேயே பொங்கல் பானையும் ஜல்லிக்கட்டுக் காளையும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பறையாட்டமும் வரிசையாக வருகின்றன.

யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு டொராண்டோவில் பிறந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குத் தமிழ்நாடு வீடல்ல. இந்தியன் என்பது அவள் பெயரும் அல்ல. விளிகூட ஆண்பாலில்தான் இருக்கிறது. முழுப்பாடல் அவளை வாசலிலேயே நிறுத்திவிடும். துணுக்கோ உள்ளே விடுகிறது. நாம் மேலோட்டம் என்று ஒதுக்கும் அந்தச் சில நொடிகளில்தான் அவள் தமிழச்சியாக நிற்க இடம் கிடைக்கிறது. இதைச் சின்ன விஷயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் நிபந்தனை காதில் விழாததால் அது இல்லாமல் போய்விடாது. உணர்ச்சி மெட்டிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதை எந்தக் கொடிக்கும் எவரும் ஒட்டலாம், ஒட்டவும் செய்கிறார்கள். சிலிர்ப்பவருக்குத் தாம் எதற்காகச் சிலிர்க்கிறோம் என்பது தெரியாமலே போகலாம்.

ஆகவே பிள்ளைகளைக் கடிந்துகொள்வதைவிட, முழுப்பாடலையும் ஒருமுறை போட்டுக் காட்டலாம், இந்தி வடிவத்தையும் சேர்த்து. வரிகளுக்குப் பொருளும் சொல்லலாம். கேட்டுவிட்டு வேண்டாம் என்றாலும் நல்லதே. எதை வேண்டாம் என்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.