போரியா பார்க்கப் போகிறீர்களா?

குறுநாடகமும் பாட்டும் ஆட்டமும் சேர்ந்தது போரியா. மலேசியாவின் பினாங்கில் அதைப் பார்க்க உட்காருபவர்கள் பலர், பாட்டு எப்போது வரும் என்றே காத்திருப்பார்கள். முதலில் நடக்கும் குறுநாடகத்தை வெட்டி அரட்டை என்று விட்டுவிடாதீர்கள். கேலியில் பாதி அதில்தான் இருக்கிறது.

அடுத்து துக்காங் காராங், அதாவது பாட்டுக் கட்டிப் பாடுபவர், முன்னால் வந்து பாடுவார். நான்கு அடி, நான்குக்கும் ஒரே இயைபு. மலாய் தெரியாவிட்டாலும் அடியின் கடைசி ஓசையைப் பிடித்துக்கொண்டால் போதும், அடுத்தது எங்கே விழும் என்று காது தானாக எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். பின்வரிசையில் நிற்கும் கெலாசிகள், அதாவது மாலுமிகள், முதல் கண்ணியைத் திருப்பிப் பாடி ஆடுவார்கள். உங்கள் கண் அவர்கள் மேல் இருக்கட்டும்.

ஏன் மாலுமி வேஷம்? பினாங்கு துறைமுக ஊர், அதுவும் 1786 முதல் ஆங்கிலேயர் கையில் இருந்த ஊர். 1845 வாக்கில் மதராஸ் படையின் முஸ்லிம் சிப்பாய்கள் மொஹரம் விடுமுறையில் ஆடியதிலிருந்தே போரியா பிறந்தது என்பார்கள். பஞ்சா ஊர்வலத்தையும் மொஹரம் புலிவேஷத்தையும் பார்த்து வளர்ந்த தமிழருக்கு, துக்கநாளில் வேஷம் கட்டுவது புதிதல்ல. பினாங்கில் ஜாவி பெரானாக்கான் எனப்படும் இந்திய-மலாய்க் கலப்பு முஸ்லிம்களும் மலாய்க்காரர்களும் போரியாவை எடுத்துக்கொண்டபின் துக்கம் மெல்ல உதிர்ந்தது, வேஷம் பெருகியது.

ஆனால் அன்று ஆண்ட வெள்ளைக்காரர்களுக்கு மொஹரம் கூட்டம் என்றால் பயம். 1867 ஆகஸ்டில் முஸ்லிம்களின் வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடிச் சங்கங்கள் சீன ரகசியச் சங்கங்களோடு சேர்ந்து ஜார்ஜ்டவுன் தெருக்களில் மோதியிருந்தன. 1884இல் அவர்கள் ஆண்ட இன்னொரு தீவான டிரினிடாடில், இந்தியக் கரும்புத் தோட்டத் தொழிலாளரின் மொஹரம் ஊர்வலத்தைப் போலீஸ் சுட்டே கலைத்தது.

போரியாவின் மாலுமி வேஷத்தைப் போலவே, கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் பெனி என்றொரு ஆட்டம் இருந்தது. பட்டாள அணிவகுப்பையும் பேண்டு வாத்தியத்தையும் ஆட்டமாக்கியது அது. டெரன்ஸ் ரேஞ்சர் 1975இல் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். துரையைக் கேலி செய்கிறார்களா, துரையாக ஆசைப்படுகிறார்களா என்று பெனியைப் பற்றி வாதம் உண்டு. என்னைக் கேட்டால் இரண்டும்தான், ஒரே உடம்பில். போரியாவிலும் அதைத் தேடுங்கள்: வரிசை எப்போது விறைக்கிறது, எப்போது குழைகிறது?

அரசாங்கத் திட்டத்தைப் புகழும் கண்ணி வந்தால் முகம் சுளிக்காதீர்கள். முன்பு வீடு வீடாகப் போய் ஆடியபோது அந்தப் புகழ் வீட்டுக்காரப் பணக்காரருக்குப் போனது. இன்று ஆடுவது போட்டி மேடையில், புரவலர் மாறிவிட்டார், அவ்வளவே. புகழ்ச்சிக்கு நடுவே ஊர்க் குறும்பு ஏதாவது நுழைந்ததா என்று பக்கத்து இருக்கைப் பினாங்குக்காரரிடம் கேளுங்கள். சிரித்துக்கொண்டே விளக்குவார்.