நியமன உத்தரவோடு முடிந்துபோகும் கதைகள்

தமிழ்க் கதைகளில் வேலை இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, கிடைக்காத வேலை. இன்னொன்று, பல வருடம் பார்த்துச் சலித்துப்போன வேலை. கே. பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980) முதல் வகை. தத்துவம் படித்த ரங்கன் டெல்லியில் வேலை தேடி அலைந்து, கடைசியில் முடிதிருத்தும் கடையில் கத்தரிக்கோலைப் பிடிக்கிறான். அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' கதையில் வேலை கேட்டு ஸ்டூடியோவுக்கு வருபவன் புலியாகவே மாறிக் காட்டுகிறான். அவனுக்குக் கொடுக்க அங்கே வேலை இல்லை. இரண்டாம் வகைக்கு ஆதவனின் டெல்லி அலுவலகங்கள் இருக்கின்றன. ஃபைல், கேன்டீன், மேலதிகாரியின் முகம், தன் முகமே தனக்கு அந்நியமாகிற அலுப்பு.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆறு மாதம் இருக்கிறது. நியமன உத்தரவு வந்து, ஊரில் எல்லோருக்கும் சொல்லி, பையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்த பிறகான ஆறு மாதம். அந்தக் காலம் நம் இலக்கியத்தில் கிட்டத்தட்ட இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் புகார்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இந்தப் புகாருக்கு ஒரு கனம் உண்டு. 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்த மாவட்டம் பெரம்பலூர். அரியலூர் 2001இல் தனியாகி, அடுத்த வருடமே திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007இல் மறுபடியும் தனி மாவட்டமானது. ஒரு பக்கம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். இன்னொரு பக்கம் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலைகளும். பெரம்பலூர் நகரத்துக்கு ரயில் கிடையாது. ஆனால் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால் கல்லூரி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆலைகளில் நிரந்தர வேலை என்பது எண்ணி எடுக்கிற அளவுதான். ஆகவே அந்த வளைவுகளுக்குள்ளிருந்து பட்டம் வாங்கி வெளியே வருபவர்களில் பெரும்பாலோர் பஸ் ஏறியாக வேண்டும்.

அந்த மண்ணிலிருந்து தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த கல்விக் கதை, குழுமூர் அனிதாவுடையது. 1200க்கு 1176 எடுத்தவர். 2017இல் வாசலிலேயே நிறுத்தப்பட்டார். அந்தக் கதை சொல்லப்பட வேண்டியது, இன்னும் சொல்லப்பட வேண்டியது. ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே போனவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. 'அதான் வேலை கிடைச்சிடுச்சே, அப்புறம் என்ன கதை?'

அப்புறம்தான் கதை. என் டீமில் வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். வீட்டில் முதல் பட்டதாரி. தினமும் காலையில் ஒவ்வொருவரும் ஒரு நிமிடம், நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அந்த ஒரு நிமிடத்தை அவன் முந்தின இரவே நோட்டில் எழுதி வைத்துக்கொள்வான். ஒரு சர்வருக்குள் நுழைய அனுமதி இல்லாமல் மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தான். கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் கிடைத்திருக்கும். 'ஏன்டா கேக்கல?' என்றதற்கு, 'தெரியலைன்னு சொன்னா அனுப்பிருவாங்களோன்னு நெனச்சேன்ணா' என்றான். பள்ளியிலும் கல்லூரியிலும் 'தெரியலை' என்று சொன்னவன் எழுந்து நிற்க வைக்கப்பட்டான். அலுவலகத்தில் 'தெரியலை' என்று உடனே சொல்வதுதான் திறமை. பதினாறு வருடம் பழகிய ஒரு பயத்தை ஒரு வாரத்தில் தலைகீழாகத் திருப்பச் சொல்கிறோம்.

இன்னொன்று: மேனேஜரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், 'சார்' கூடாது. ஐம்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவன் நாக்கு எழவில்லை. அதனால் பல மாதம் யாரையுமே கூப்பிடாமல், நேரே எதிரில் போய் நின்று பேச்சை ஆரம்பிக்கிற ஒரு உத்தியைக் கண்டுபிடித்துக்கொண்டான். வீட்டிலிருந்து ஃபோனில் 'என்னப்பா வேலை பாக்குற?' என்றால், 'கம்ப்யூட்டர்லதான்ம்மா.' திங்கள்கிழமை அலுவலகத்தில் 'வீக்கெண்ட் எப்படி?' என்றால், 'நத்திங் மச்.' ஊருக்குப் போய் வெங்காயத்தைப் பட்டறையில் ஏற்றிவிட்டு ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பான். அலுவலகத்தை வீட்டில் சொல்ல முடியாது, வீட்டை அலுவலகத்தில் சொல்ல முடியாது. இந்த இரட்டை மௌனத்துக்குள் ஒரு நாவல் இருக்கிறது.

இதை வைத்து ஆதவனைத் திரும்பப் படித்தால் ஒன்று புலப்படுகிறது. ஆதவனின் மனிதர்களுக்கு முகமூடி ஒரு பாரம். அதைக் கழற்றினால் உள்ளே உண்மையான நான் இருப்பேனா என்பது அவர்கள் கேள்வி. ஆங்கிலமும் அலுவலக நடத்தையும் அவர்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டன. அதனால்தான் சலிக்க முடிகிறது. செந்துறையிலிருந்தோ வேப்பூரிலிருந்தோ வருகிறவனுக்கு முகமூடி இன்னும் கைக்கு வரவே இல்லை. அதைச் செய்துகொள்வதுதான் அவனுடைய ஆறு மாத வேலை. செய்து முடித்தபோது அதில் அவனுக்கு ஒரு பெருமையும் இருக்கும். 'தன்னை இழந்துவிட்டான்' என்ற பழைய விமர்சனச் சொல்லை எடுத்துக்கொண்டு இவனிடம் போனால், நாம் அவனைப் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

சினிமா அந்த ஆறு மாதத்தை ஒரு பாட்டில் தாண்டிவிடும். 'வேலையில்லா பட்டதாரி' (2014) வேலை இல்லாத பாதியில் நுட்பமான படம். ஐடியில் சம்பாதிக்கிற தம்பிக்கு வீட்டில் கிடைக்கிற மரியாதை, அண்ணன் ஓட்டுகிற மொபெட், எல்லாம் சரியாகக் கவனித்து வைக்கப்பட்டவை. வேலை கிடைத்ததும் ரகுவரன் பெரிய கட்டுமானத் திட்டத்தையே தாங்குகிறவனாகிவிடுகிறான். அவன் தளத்தில் எதையும் கற்றுக்கொள்வதை நாம் பார்ப்பதில்லை. அந்த ஐடி தம்பியின் முதல் ஆறு மாதம் எப்படி இருந்திருக்கும் என்று படத்துக்குக் கவலையே இல்லை. ராமின் 'கற்றது தமிழ்' (2007) அதே தம்பியை வெளியிலிருந்து, கோபத்தோடு பார்க்கிறது. அந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் பெரிய ஐடி சேவை நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் பத்துப் பதினைந்து வருடமாக ஆண்டுக்கு 3 முதல் 4 லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. அறை அட்வான்ஸ், அம்மாவின் நகைக்கடன், தங்கை ஃபீஸ் போனால் கையில் என்ன மிஞ்சும் என்பது ஊர் முழுக்கத் தெரிந்த கணக்கு. 'ஐடிக்காரன்' என்ற பாத்திரம் மட்டும் இன்னும் 2007லேயே நிற்கிறது.

வேலையை உதறிவிட்டுப் போவதை நம் கதைகள் கொண்டாடுகின்றன. அரியலூர் என்ற பெயரே இந்திய அரசியல் வரலாற்றில் ஒரு ராஜினாமாவோடு ஒட்டிக்கொண்டது: 1956 நவம்பர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்த ஊர்ப் பையனுக்கோ ராஜினாமா எட்டாத சொகுசு. அவன் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கோழைத்தனமாகவோ சமரசமாகவோ மட்டும் பார்க்கிற பழக்கம், உட்காரத் தேவையில்லாதவர்கள் எழுதியதிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

விதிவிலக்குகள் உண்டு. நாஞ்சில் நாடனின் 'மிதவை', பட்டம் வாங்கிய சண்முகத்தை ஊரிலிருந்து சென்னைக்கும் பம்பாய்க்கும் பின்தொடர்கிறது. தங்கும் இடமும் சோறுமே அங்கே பிரச்சினை என்பதை மறைக்காத நாவல். இரா. முருகனின் 'மூன்று விரல்' மென்பொருள் துறைக்குள்ளிருந்தே எழுதப்பட்டது. ஆனால் எனக்கு முன்மாதிரியாகத் தெரிவது கண்மணி குணசேகரனின் 'நெடுஞ்சாலை'. போக்குவரத்துக் கழகப் பணிமனையில் தற்காலிக ஊழியர்களாகச் சேர்ந்தவர்களின் நாவல். பட்டதாரிகளின் கதை இல்லைதான். ஆனால் வேலையைக் கற்றுக்கொள்வதே அங்கே கதை. சீனியரிடம் திட்டு வாங்குவது, கருவியின் பெயர் தெரிவது, இன்றைக்கு டூட்டி உண்டா என்று காத்து நிற்பது. எழுதியவரும் பணிமனையில் வேலை பார்த்தவர். அதனால் வேலை அங்கே பின்னணிப் படுதாவாக இல்லை.

பணிமனையை எழுத முடிந்த மொழியில் கியூபிக்கிளை எழுத முடியாதா? கஷ்டம் இருக்கிறது. ஸ்பேனர் கண்ணுக்குத் தெரியும், கோடு தெரியாது. பணிமனைத் திட்டு தமிழில் விழும், எங்கள் திட்டு மரியாதையான ஆங்கில மின்னஞ்சலில் வரும். அந்த மின்னஞ்சலைத் தமிழ் உரைநடைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பது இலக்கணம் சார்ந்த சிக்கல்கூட. ஆனால் அதைவிடப் பெரிய தடை, அங்கே என்ன பெரிய துக்கம் இருந்துவிடப்போகிறது என்கிற நம் வாசக மனநிலை. ஏசி அறையில் உட்கார்ந்து அழுதால் அது அழுகையாகத் தெரிவதில்லை.

'நெடுஞ்சாலை' நடக்கிற விருத்தாசலம் பக்கத்திலிருந்து தெற்கே வந்து வெள்ளாற்றைத் தாண்டினால் அரியலூர் மாவட்டம். அங்கிருந்து எழுத வருகிறவரிடம் கேட்பதற்கு எனக்குச் சில சின்ன விஷயங்கள்தான் இருக்கின்றன. நியமன உத்தரவு வந்த நாளை முதல் அத்தியாயத்திலேயே முடித்துவிடுங்கள். அவன் என்ன வேலை பார்க்கிறான் என்று, அம்மாவிடம் சொல்வதுபோல 'கம்ப்யூட்டர்லதான்' என்று சொல்லாமல், முழுசாகச் சொல்லுங்கள். அந்த மூன்று நாளில் அவன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதற்கு ஒரு முப்பது பக்கமாவது ஒதுக்குங்கள். ஆறாவது மாதம் அவன் மேனேஜரை முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, அது வெற்றியா இழப்பா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.