ராஜரத்னாவுக்கு என்ன நோவு?

ஏப்ரல் 14, டிசம்பர் 6 மேடைகளில் ஒரு கதை தவறாமல் வரும். பம்பாயில் அண்ணலின் குழந்தை இறந்துவிடுகிறது. போர்த்துவதற்குத் துணி வாங்கக் காசில்லை. ரமாபாய் தன் சேலையைக் கிழித்துக் கொடுக்கிறார். இந்த இடத்தில் பேச்சாளர் குரலைத் தாழ்த்துவார். பிறகு உச்சத்துக்கு ஏற்றுவார்: 'நமக்காகப் பெற்ற பிள்ளையையே பலி கொடுத்த தலைவர்!' கைதட்டல். அடுத்த நிமிடம் பூனா ஒப்பந்தத்துக்குப் போய்விடுவார்.

இந்தக் கதைசொல்லல் மீதுதான் எனக்கு விமர்சனம். கதை உண்மையா பொய்யா என்ற ஆராய்ச்சிக்குள் போகவில்லை. கதையில் சேலை இருக்கிறது, தியாகம் இருக்கிறது, தலைவர் இருக்கிறார். குழந்தையைக் காணோம். எந்தக் குழந்தை என்றுகூடப் பல பேச்சாளர்கள் சொல்வதில்லை.

அம்பேத்கருக்கும் ரமாபாய்க்கும் பிறந்தவர்கள் ஐந்து பேர். யஷ்வந்த் ஒருவர்தான் பிழைத்தார். கங்காதர், ரமேஷ், இந்து, ராஜரத்னா நான்கு பேரும் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். கடைசியாகப் போனவன் ராஜரத்னா, 1926 ஜூலையில். அடுத்த மாதம் தத்தோபா பவார் என்ற நண்பருக்கு அம்பேத்கர் ஒரு கடிதம் எழுதினார். மூன்று ஆண், ஒரு பெண் என்று நாலு பேரை மண்ணில் வைத்துவிட்டோம் என்கிறார். தானும் மனைவியும் இன்னும் தேறவில்லை, இனித் தேறுவோம் என்ற நம்பிக்கையும் இல்லை என்கிறார். கடைசிப் பையன் எவ்வளவு அருமையானவன் என்று சொல்கிறார். அதற்கு மேல் எழுத முடியாமல் நிறுத்திவிடுகிறார்.

பலி கொடுத்தவன் எழுதுகிற கடிதமா இது? மகாத் குளத்தில் தண்ணீர் அள்ளியது 1927 மார்ச் 20. இடையில் எட்டு மாதம்தான். பிள்ளை செத்ததால்தான் குளத்துக்குப் போனார் என்று யாரும் கோடு இழுக்க வேண்டாம், அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் உடைந்துபோன ஒரு தகப்பன்தான் அந்தக் குளத்தில் இறங்கினார் என்பதை ஏன் மறைக்க வேண்டும்? உடையாத தலைவர்தான் நமக்கு வேண்டியிருக்கிறதா?

தமிழ்ப் புலமை மரபில் இதற்கு இடமே இல்லை. பிள்ளைத்தமிழ் மூன்றாம் மாதக் காப்பில் தொடங்கி இருபத்தோராம் மாதம் வரை பத்துப் பருவம் பாடுகிறது. பாட்டுடைப் பிள்ளை கடவுளாகவோ அரசனாகவோ பெரியவராகவோ இருக்கும். செங்கீரை ஆடும்போதே காய்ச்சலில் போன பிள்ளைக்கு அதில் ஒரு பருவம் கிடையாது. புறநானூற்றுக் கையறுநிலை மன்னனுக்கும் வள்ளலுக்கும்தான். அதே புறநானூற்றின் 74ஆம் பாட்டில் குழந்தை வருகிறது, எப்படி? செத்துப் பிறந்தாலும், வெறும் தசையாகப் பிறந்தாலும், வாளால் வெட்டாமல் விடமாட்டார்களாம். போரில் பட்ட விழுப்புண் மாதிரி இருக்க வேண்டுமாம். எம்.ஏ. வகுப்பில் இதை 'மானம்' என்ற தலைப்பில் நடத்தினார்கள். அந்தப் பிள்ளையின் தாய் அப்போது எங்கே இருந்தாள் என்று வகுப்பில் பேச்சே எழவில்லை. நம் மேடைகள் கங்காதருக்கும் ராஜரத்னாவுக்கும் செய்வதும் இதுதான். நோயில் செத்த பிள்ளையைத் தியாகம் என்ற வாளால் கீறி வீரனாக்கிப் புதைக்கிறோம்.

பம்மல் என்றால் இலக்கியவாதிகளுக்குச் சம்பந்த முதலியாரும் 1891இல் அவர் தொடங்கிய சுகுண விலாச சபையும் நினைவுக்கு வரும். எனக்குக் கல்குவாரியும், பக்கத்து நாகல்கேணித் தோல்சாவடி நாற்றமும்தான். அம்மா குவாரியில் ஜல்லி உடைத்தவர். எங்கள் தெருமுனைக் கூட்டத்தில் அந்தச் சேலைக் கதையைக் கேட்டுவிட்டு என்னிடம், "அந்தக் கொயந்தைக்கு என்னா நோவுன்னு சொல்லவே இல்லியே அந்தத் தம்பி?" என்றார்.

இதுவரை அம்பேத்கர் பற்றி நான் படித்த எந்தத் தமிழ் விமர்சனத்திலும் இந்தக் கேள்வி இல்லை. அம்மாவுக்கு அது வந்ததற்குக் காரணம் உண்டு. "பொறந்தது நாலு, தங்கினது மூணு" என்றுதான் எங்கள் கணக்கைச் சொல்வார். தங்காதவன் என் அண்ணன். 1987இல், நான் பிறப்பதற்கு முன், மூன்று வயதில் போனான். தட்டம்மை போட்டு, சளி நெஞ்சில் இறங்கி, ஐந்தாம் நாள் மூச்சு இழுத்தது. மீனம்பாக்கத்துக்கு இறங்குகிற விமானம் தாழப் பறந்தால் "வா, வா" என்று கூப்பிடுவானாம். போட்டோ கிடையாது. சின்னப் பிள்ளை என்பதால் பறை இல்லை, கருமாதி இல்லை. ஒப்பாரிகூட, "பெரியவங்களுக்குத்தான் கட்டிப் பாடுவாங்க, கொயந்தைக்கு என்னாத்த சொல்லி அழுவுறது" என்றார் அம்மா.

'தங்கல' என்ற சொல்லையும் கேள்வி கேட்க வேண்டும். பிள்ளை தானே விரும்பிப் போனது மாதிரி இருக்கிறது அது. ராஜரத்னாவுக்கு வந்தது நிமோனியா என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1926இல் அதற்குச் சரியான மருந்து கிடையாது. பென்சிலினைக் கண்டுபிடித்ததே 1928இல், புழக்கத்துக்கு வந்தது நாற்பதுகளில். என் அண்ணனுக்கு எல்லாம் இருந்தது. தட்டம்மைத் தடுப்பூசி 1985இலேயே அரசுத் திட்டத்தில் சேர்ந்துவிட்டது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது வந்து சேரவில்லை. தியாகம் என்று சொல்லிவிட்டால் மருந்து ஏன் வரவில்லை என்று யாரைக் கேட்பது? தங்கல என்று சொன்னாலும் அதே கதைதான். மேடைச் சொல்லும் தெருச் சொல்லும் இந்த ஓரிடத்தில் கைகோத்துக்கொள்கின்றன.

இந்த ஆண்டு எங்கள் துண்டறிக்கையில் சேலைக் கதையை எடுத்துவிட்டு, அந்தக் கடிதத்தின் செய்தியையும் நான்கு பிள்ளைகளின் பெயர்களையும் போட்டோம். மெய்ப்புப் பார்த்த தோழர் மூன்று பெயரை விட்டுவிட்டு 'இந்து'வை மட்டும் சிவப்பு மையால் அடித்திருந்தார். நம்ம நோட்டீஸ்ல மதம் எதுக்குன்னு அடிச்சேன் என்றார். அது அண்ணலின் மகள் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அதற்குள் ஐந்நூறு பிரதி ஓடிவிட்டது. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு தாளிலும் அவள் பெயரைப் பேனாவால் எழுதிச் சேர்த்தோம்.