இழுப்பதும் இறக்குவதும்: டுவார்ஷாக் நீர்த்தேக்கத்தில் கோகனி

கோகனி மீன் பிடிப்பவர்களிடையே ட்ரோலிங்கா ஜிக்கிங்கா என்ற வாதம் நெடுநாளாக நடக்கிறது. பெரும்பாலும் அது எண்ணிக்கையில் தொடங்கி எண்ணிக்கையிலேயே முடிந்துவிடுகிறது. ட்ரோலிங் முறையில் படகை மெல்ல ஓட்டி இரையை இழுத்துச் சென்றவர் விடியற்காலையில் பதினைந்து பிடித்தேன் என்கிறார். ஜிக்கிங் முறையில் மீன்கூட்டத்துக்கு நேர் மேலே படகை நிறுத்தி ஈயத்துண்டை ஏற்றி இறக்கியவர் ஒரு மணி நேரத்தில் இருபது என்கிறார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். இரண்டு முறைகளையும் எடைபோட அந்தக் கணக்கு போதாது என்பதே என் முதல் ஆட்சேபம்.

பொதுவாகப் பேசினால் தீர்ப்பு வழுக்கிவிடும் என்பதால் ஒரே ஒரு நீர்நிலையை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து வடபகுதியில், ஒரோஃபினோ ஊருக்கு அருகில் உள்ள டுவார்ஷாக் நீர்த்தேக்கம் அது. கிளியர்வாட்டர் ஆற்றின் வடகிளையை மறித்து 1973இல் கட்டி முடித்த அணையின் உயரம் 717 அடி. நிறைந்திருக்கும்போது நீர் 54 மைல் நீளத்துக்கு மலையிடுக்கில் நெளிந்து கிடக்கிறது. ஆழம் 600 அடியைத் தாண்டுகிறது. அகலம் குறைவு, கரைகள் செங்குத்து. கீழே ஸ்நேக் ஆற்றில் சால்மன்களுக்காக வெப்பத்தைக் குறைக்கக் கோடை முழுவதும் இங்கிருந்து குளிர்ந்த நீரைத் திறந்துவிடுகிறார்கள். அதனால் ஜூலைத் தொடக்கத்தில் முழுமட்டத்தில் நிற்கும் நீர், செப்டம்பரில் ஏறத்தாழ 80 அடி இறங்கிவிடுகிறது. சென்ற வாரம் மீன் கடித்த முனை இந்த வாரம் வேறொரு முனை. இங்கே ஒரு முறை தேறினால், அமைதியான இயற்கை ஏரியில் தேறியதைவிடக் கூடுதல் மதிப்பெண் தரலாம்.

மீனைப் பற்றியும் தெளிவு வேண்டும். கடலுக்குப் போகாமல் நன்னீரிலேயே வாழ்ந்து முடியும் சாக்ஐ சால்மன்தான் கோகனி. டுவார்ஷாக்கில் 1972இல் விடப்பட்டது. நீர்த்தெள்ளு போன்ற நுண்ணிய உயிர்களைத் தின்று வளர்கிறது. செவுளில் நெருக்கமாக அமைந்த சீப்புப்பற்கள் அந்தச் சிறு இரையை நழுவவிடுவதில்லை. பெரும்பாலும் மூன்று, நான்கு ஆண்டு வாழ்ந்து, இலையுதிர்காலத்தில் உடல் சிவந்து, ஓடைகளில் ஏறி முட்டையிட்டு இறக்கிறது. 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நீரை விரும்புகிறது. கோடையில் மேற்பரப்பு சூடேறினால் அந்த அடுக்கைத் தேடிக் கீழே போகிறது. வாய்ச்சதை மென்மையானது, எளிதில் கிழியும். இந்த இயல்புகளில் எதை எந்த முறை மதிக்கிறது, எதை மீறுகிறது என்பதே இந்தத் திறனாய்வின் பொருள்.

எண்ணிக்கை ஏன் உதவாது என்பதற்கு 1996 போதும். அந்த ஆண்டின் பெருவெள்ளக் காலத்தில் அணை வழியே திறந்துவிட்ட நீரோடு டுவார்ஷாக் கோகனிகளில் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டது. குளிர்காலத்தில் இந்த மீன்கள் அணைக்கு அருகே திரளும் பழக்கமுடையவை. நீரைத் திறக்கும் வேளையும் அவை திரளும் வேளையும் ஒன்றாகிவிட்டால் இழப்பு பேரிழப்பு. அதன் பிறகு வந்த ஆண்டில் வெறுங்கையோடு திரும்பியவரின் முறையில் குறை கண்டுபிடிப்பது நியாயமாகாது. பருமனும் அப்படியே. நீரில் மீன் அடர்த்தி கூடினால் ஒவ்வொன்றும் சிறுக்கும், குறைந்தால் பெருக்கும். 2007இல் தொடங்கி இங்கே நைட்ரஜன் உரம் இட்டுப் பார்த்ததும் இந்த மீனின் உணவுச் சங்கிலியில் அடிக்கண்ணியைத் திருத்தத்தான். நைட்ரஜன் குறைந்தால் நீர்த்தெள்ளு தின்ன முடியாத நீலப்பச்சைப் பாசி மேலோங்குகிறது, தெள்ளு குறைகிறது, கோகனி சிறுக்கிறது. ஆகவே பெரிய மீனைக் காட்டி "என் முறையைப் பாருங்கள்" என்பவர், நீரின் சாதனையைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார்.

வேறு அளவுகோல்கள் வேண்டும். நான் மூன்றை வைக்கிறேன்: மீன் நிற்கும் ஆழத்தில் இரையைத் துல்லியமாக நிறுத்த முடிகிறதா, சிதறிய மீனைத் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறதா, கடித்த மீனை அந்த மெல்லிய வாய் கிழியாமல் படகுக்குக் கொண்டுவர முடிகிறதா. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடாகா. தேடலில் பெற்ற மதிப்பெண், ஆழத்தில் தவறியதை மன்னிக்காது.

ட்ரோலிங்கின் தலையாய தகுதி தேடல். மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை மைல் வேகத்தில், நடப்பவனைவிட மெதுவாகப் படகு போகிறது. அந்த வேகத்திலும் ஒரு காலைப்பொழுதில் சில மைல் நீரைத் துழாவிவிடலாம். 54 மைல் நீளமுள்ள இடுக்கில் இது அற்பமான தகுதி அன்று. இரைக்கு முன்னால் கட்டும் டாட்ஜர் என்ற உலோகத் தகடு இடமும் வலமும் அசைந்து தூரத்து மீனை இழுக்கிறது. பின்னால் வரும் சிறு பிளாஸ்டிக் கணவாயையோ சுழலியையோ சாட்டைபோல் சுண்டுகிறது. தகட்டுக்கும் இரைக்கும் இடையே உள்ள நரம்பு நீளமானால் அந்தச் சுண்டல் வழியிலேயே செத்துவிடும். தகட்டின் நீளத்தைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு என்ற வழக்கு அனுபவத்தில் பிறந்த நல்ல விதி. ஒருவருடைய ட்ரோலிங்கை மதிப்பிட வேண்டுமென்றால் நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு முழத்துக்கும் குறைந்த நரம்பைத்தான்.

இன்னொரு தகுதியைப் பலர் கவனிப்பதில்லை. படகை நேர்கோட்டில் ஓட்டாமல் பாம்புபோல் வளைத்து ஓட்டினால், வளைவின் வெளிப்பக்கத்து இரை விரைகிறது. உட்பக்கத்து இரை தாமதித்துச் சற்றே அமிழ்கிறது. எந்தப் பக்கத்துக் கோல் அசைந்தது என்பதைக் கொண்டு அன்றைய மீன் வேகத்தை விரும்புகிறதா நிதானத்தை விரும்புகிறதா என்று அறியலாம். இது மீனிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் முறை. நேர்கோட்டில் நான்கு மணி நேரம் ஓட்டிவிட்டு மீன் இல்லை என்று கரையேறுபவர் கேள்வியே கேட்கவில்லை.

ஆழத்தில் ட்ரோலிங் இரண்டாகப் பிரிகிறது. அதை ஒரே முறையாகப் பேசுவதே வாதத்தில் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். மே மாதத்தில் மீன் மேற்பரப்புக்கு அருகில் நிற்கும்போது எடையே இல்லாத நரம்பு போதும். ஜூலையில் மீன் அறுபது அடிக்குப் போனபின் கதை வேறு. ஈயக்கரு நரம்பைப் பயன்படுத்துபவர் பத்து கஜத்துக்கு ஒரு நிறம் என்று எண்ணி விடுகிறார்; ஒரு நிறத்துக்கு ஏறத்தாழ ஐந்து அடி ஆழம் என்பது கணக்கு. வேகம் கால் மைல் கூடினால் அந்தக் கணக்கு உடைகிறது. காற்று பின்னால் தள்ளினாலும் உடைகிறது. அதை நம்பி, இருபது அடிக்குள் அடங்கிய மீன் அடுக்கைத் தொட நினைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதற்குச் சமம். எட்டு, பத்து பவுண்டு ஈயக்குண்டைக் கம்பியில் இறக்கி, பிடிப்பான் வழியாகத் தூண்டில் நரம்பை அதில் மாட்டும் டவுன்ரிகர்தான் ட்ரோலிங்கை முழுமையான முறையாக்கியது. குண்டு சற்றே பின்னுக்குச் சாயும் என்றாலும் ஒலியலையால் நீருக்கடியைக் காட்டும் சோனார் திரையில் அது தெரியும், திருத்திக்கொள்ளலாம். கோகனி மேல்நோக்கி எழுந்து கடிக்கும் மீன் என்பதால் கூட்டத்துக்குச் சில அடி மேலே இரையை ஓடவிடுபவர், கூட்டத்தின் நடுவே ஓட்டுபவரைவிடத் தேர்ந்தவர்.

ட்ரோலிங்கின் குறை அதன் கனம். டுவார்ஷாக் கோகனி பல ஆண்டுகளில் பத்து அங்குலத்தைச் சுற்றியே நிற்கிறது. அத்தனை சிறிய மீனுக்கு முன்னால் பெரிய தகட்டைக் கட்டினால், கையில் தெரிவது தகட்டின் இழுப்பு. மீனின் துடிப்பு அதற்குள் மூழ்கிவிடுகிறது. அந்தத் துடிப்பை உணர்வதற்காகவே மீன்பிடிப்பவருக்கு இது பெரிய இழப்பு. சிறு தகட்டுக்கு இறங்கினால் உணர்வு மீளும், தொலைவிலுள்ள மீனை அழைக்கும் வலிமை குறையும். இந்தப் பேரத்தைத் தவிர்க்க வழியில்லை. கடியைப் பெறுவதும் மனிதனுடைய வேலை அல்ல. கோல் தானே வளைந்து, முள் தானே குத்துகிறது. மெல்லிய வாய்க்கு அது நல்லதே. நீளமான, இளகிய கோல் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. விறைத்த கோலை இந்த மீனுக்குக் கொண்டுவருவது மன்னிக்க முடியாத பிழை.

இங்கே ஒரு வார்த்தை, நிறத்தையும் சோளத்தையும் பற்றி. இளஞ்சிவப்பு, ஆரஞ்சு இரைகளுக்கு இந்தத் துறையில் பெரிய பக்தி உண்டு. நீரில் முதலில் மங்கி மறைவது சிவப்பு ஒளி. அறுபது அடியில் அந்த நிறம் மேலே தெரிந்த நிறம் அல்ல. ஒளிரும் சாயம் பூசியவை வேறு கணக்கு. முள்ளில் வெள்ளைச் சோளமணி குத்துவதும் வாசனை தடவுவதும் பழகிய வழக்கம்; செய்யட்டும். ஆழமும் வேகமும் சரியாக அமையாத இடத்தில் எந்த நிறமும் எந்தச் சோளமும் மீட்டுத் தந்ததில்லை. இரண்டு முறைக்காரர்களும் இதில் சமமாகத் தவறுகிறார்கள்.

ஜிக்கிங்கில் ஆழம் என்பது பிரச்சினையே இல்லை. கால் முதல் ஒரு அவுன்ஸ் வரையுள்ள ஜிக் என்ற உலோகத்துண்டு செங்குத்தாக இறங்குகிறது. சோனாரில் மீன்கூட்டம் ஒரு மேகமாகத் தெரிகிறது, அதே திரையில் ஜிக்கும் ஒரு கோடாக இறங்குவது தெரிகிறது. கூட்டத்துக்குச் சற்று மேலே நிறுத்தி ஓரடி உயர்த்தி, இறங்கவிட வேண்டும். கடி பெரும்பாலும் இறங்கும்போது விழுகிறது. நரம்பைத் தளரவிட்டால் துண்டு அழகாகப் படபடத்து இறங்கும், கடி தெரியாது. இறுக்கிப் பிடித்தால் கடி தெரியும், படபடப்பு செத்துவிடும். நடுவே உள்ள அந்தப் பதத்தைக் கை கற்றுக்கொள்ளச் சில பருவங்கள் ஆகும். சாதனை என்ற சொல்லை இந்தத் துறையில் எங்காவது வைக்க வேண்டுமென்றால் இங்கேதான் வைப்பேன். தகடும் குண்டும் இடையில் இல்லாததால் பத்து அங்குல மீனும் தன் முழு வலிமையைக் காட்டுகிறது. செலவும் குறைவு.

குறைகளும் சிறியவை அல்ல. ஜிக்கிங் தேடாது. சோனார் இல்லாத படகில் அது குருட்டு முயற்சி. சோனார் இருந்தும் கூட்டம் நகர்ந்தால் நீங்களும் நகர வேண்டும். டுவார்ஷாக்கின் ஆழத்தில் நங்கூரம் எளிதில் பயன்படாது. மலையிடுக்கில் காற்று புகுந்தால் படகு மீன்மேல் நிற்காது. ஜிபிஎஸ் கொண்டு ஓரிடத்தில் நிறுத்தும் மின்மோட்டார் இந்தக் குறையைப் பெரிதும் தீர்த்திருக்கிறது. ஆனால் அதோடு எளிமை, மலிவு என்ற வாதமும் பாதி போய்விடுகிறது. நீளாத பின்னல் நரம்பில் கடி நன்றாகத் தெரியும். அதே விறைப்பு மீனின் வாயைக் கிழிக்கும். இந்த மூன்றாவது அளவுகோலில் ஜிக்கிங் ட்ரோலிங்கிடம் தோற்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டையும் உண்மையில் பிரிப்பது மீனின் நாள்முறை. கோகனி பகலில் இறுகிய கூட்டமாக ஆழத்தில் நிற்கும். அந்தியில் மேலெழுந்து இரவில் பிரிந்து பரவும். மீன்வள ஆய்வாளர்கள் ஒலியலைக் கணக்கெடுப்பை இருட்டில் நடத்துவது இதனால்தான். பரவிய மீனைத்தான் தனித்தனியாக எண்ண முடியும். அவர்கள் கணக்கெடுப்புக்கு உணர்ந்த இந்த உண்மையை மீன்பிடிப்பவர்கள் முறைத் தேர்வுக்குப் பயன்படுத்துவது அரிது. விடியலில் மீன் இன்னும் பரவி, மேலே இருக்கிறது: அது ட்ரோலிங்கின் நேரம். வெயில் ஏறிக் கூட்டம் இறுகியபின்னும் அதே கோல்களை இழுத்துக்கொண்டிருப்பது, மைல் கணக்கில் வெற்று நீரைக் கடந்து, கூட்டத்தின் ஊடே ஒரு நிமிடம் ஓடுவதில் முடிகிறது. பருவமும் இவ்வாறே பிரிகிறது. அணைப்பக்கம் மீன் இன்னும் திரண்டிருக்கும் வசந்தத்தின் முற்பகுதி ஜிக்கிங்குக்கு உரியது. நீளமெங்கும் பரவும் மே, ஜூன் ட்ரோலிங்குக்கு.

ஒரு குறை இருவருக்கும் பொது. ஆகஸ்டில் அறுபது அடிக் குளிரிலிருந்து மேலே இழுத்து, சூடான மேற்பரப்பு நீர் வழியாகக் கொண்டுவந்த கோகனியைத் திருப்பி விட்டால் அது பிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. சிறியதை விட்டுப் பெரியதை வைத்துக்கொள்ளும் பழக்கம் அந்த மாதத்தில் கருணையல்ல, வீணடிப்பு. பிடித்ததை இரத்தம் வடித்துப் பனிக்கட்டியில் வைத்து, விதி அனுமதித்த அளவு நிறைந்ததும் தூண்டிலைச் சுருட்டுவதே நேர்மை.

என் தீர்ப்பு இது. டுவார்ஷாக் போன்ற நீண்ட, மட்டம் மாறும் நீர்த்தேக்கத்தில், முழுப் பருவத்துக்கும் ஒரே முறைதான் என்றால் ட்ரோலிங்கே முதலிடம் பெறும். ஆனால் டவுன்ரிகரோடும், வளைந்து ஓட்டும் ஒழுங்கோடும் செய்தால் மட்டும். கோடையில் ஈயக்கரு நரம்பை நம்பும் ட்ரோலிங் மூன்றாம் இடத்துக்கு இறங்குகிறது. இரண்டாம் இடம் பெறும் ஜிக்கிங், கைத்திறனில் முதலிடக்காரரை மிஞ்சி நிற்கிறது. ஒரே படகில் இரண்டையும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சோனாரில் கூட்டம் மேகமாகத் திரண்ட அந்தக் கணத்தில் டவுன்ரிகரை மேலே இழுத்துவிட்டு மோட்டாரை நிறுத்துங்கள்.